பொட்டுக்கு அடியில் ஒரு சிவப்பு விளக்கு

கரண்ட் போனபோது என் கையில் ஒரு தட்டு பொரி இருந்தது.

பம்மலில் கலைவாணியின் பட்டறை. ஆயுத பூஜை அன்றைய மதியம். தகரக் கூரையில் மழை தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் சோம்பலாகச் சுற்றி நின்றது. ட்யூப் லைட் அணைந்தது. சாம்பிராணிப் புகையும் ரப்பர் வாசனையும் மட்டும் மிச்சம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்று காலையிலிருந்து நான் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "மெயினை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க." சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு, கொஞ்சம் பொரி சாப்பிடலாம் என்று அப்போதுதான் உட்கார்ந்தேன்.

மெயின் சுவிட்சுக்கு முன்னால் காவல் இருந்த கலைவாணி பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். கைப்பிடி மேலேதான் இருந்தது.

"அக்கா, சத்தியமா நான் தொடல. யாருமே தொடல."

"தெரியும்மா. தெருவுக்கே போயிருக்கு."

அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. அந்த நிமிஷம் அவளுடைய பிழைப்பே போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். கரண்ட் திரும்பி வந்தால்தான் தெரியும்.

போனது விருந்தாளியாக

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலை இயந்திரங்களை இயக்குகிற கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவள் நான். பி.எல்.சி. என்று அதற்குப் பெயர். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், சூடு எவ்வளவு ஏற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று இயந்திரத்துக்கு உத்தரவு போடுவது அந்தச் சின்னப் பெட்டிதான். இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போடுவதும் அதுதான்.

ஆனால் அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப் பூ வைத்து, பூஜைக்கு விருந்தாளியாகப் போனேன். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்லை. வாழ்க்கையில் அதிசயமாக ஒரு நாள் அப்படிக் கிளம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அன்று நடந்ததே சாட்சி.

கலைவாணி ஷூ சோல் செய்கிறாள். ரப்பரை அச்சில் வைத்து, சூடேற்றி அழுத்துகிற ப்ரஸ் ஒன்றுதான் அவளுக்கு எல்லாமே. முன்பு அவள் வேலை பார்த்த கம்பெனியில் அந்த ப்ரஸ் இருந்தது. அதை ஓட்டியதே அவள்தான். கம்பெனியை மூடினார்கள். கூட வேலை செய்த நாலைந்து பெண்களையும் அந்த ப்ரஸ்ஸையும் கூட்டிக்கொண்டு வந்து, இந்தத் தகரக் கொட்டகையில் தனியாகத் தொழில் தொடங்கிவிட்டாள். வீட்டுக்காரர் இல்லை. பிள்ளை பாலிடெக்னிக் படிக்கிறான்.

அவளுடைய ஏர் கம்ப்ரஸர் பேனலைப் பார்க்க ஒரு தடவை போனதில் எனக்குப் பழக்கம். ப்ரஸ் பக்கம் நான் போனதே இல்லை. ஒழுங்காக ஓடுகிற இயந்திரத்தின் கதவைத் திறந்து பார்க்க எவரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை.

அங்கே பராமரிப்பெல்லாம் செல்வம். ஐம்பதைத் தாண்டியவர், பம்மலிலேயே பிறந்து வளர்ந்தவர். இயந்திரங்கள் மேல் அவருக்கு அபார பக்தி. அன்று காலையிலேயே எல்லாவற்றையும் துடைத்து, மாலை போட்டு, மாவிலை கட்டி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டிருந்தார். கம்ப்ரஸருக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, தீயணைப்பு சிலிண்டருக்கும் பொட்டு. நான் உள்ளே நுழைந்தபோது ப்ரஸ்ஸின் பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

"இன்னா செல்வம், உள்ளேயுமா?"

"பின்ன, மேடம்? மிசினுக்கு மூள இங்கதானே கீது? மூளைக்கு வெக்காம வெளியில மட்டும் வெச்சா இன்னா பிரயோஜனம்? வருசா வருசம் வெச்சுகினுதான் வரேன்."

எட்டிப் பார்த்தேன். பி.எல்.சி.யின் நெற்றியில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் கறுத்துப்போன குங்குமம். பேனலுக்குள் துணியை விட்டால் ஷாக் அடிக்கும் என்ற பயத்தில் பழசைத் துடைப்பதே இல்லை. முந்தின வருஷத்துப் பொட்டின் மேல் போன வருஷத்துப் பொட்டு. இரண்டு மூன்று பூஜைகளின் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

எனக்குக் கை சும்மா இருக்காது. தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, ஓரத்தை மெல்லச் சுரண்டினேன். சந்தனம் ஒரே வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது.

அதற்கு அடியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பேட்டரி தீரப் போகிறது என்று சொல்லும் விளக்கு அது. எத்தனை மாதமாக எரிகிறதோ, எந்தப் பூஜையிலிருந்து எரிகிறதோ, பொட்டுக்குத்தான் வெளிச்சம். செல்வம் சந்தனத்தைக் குழைத்துத் துல்லியமாக அதன் தலையிலேயே வைத்திருக்கிறார். கோபம் வந்தது, அதே சமயம் சிரிப்பும் வந்துவிட்டது. அத்தனை பக்தியாக வைத்த மனிதரை என்னவென்று திட்டுவது?

எதை மறக்கும், எதை மறக்காது

ஒரு சின்ன பேட்டரிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள்.

எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்தால் யார் எந்த மாடியில் பட்டனை அழுத்தினாலும் கேட்காது. முதலில் தரைத் தளத்துக்குப் போகும். அப்புறம்தான் மற்றதெல்லாம். மூன்றாவது மாடி சார் ஒருவர், அதற்குப் புத்தி பிசகிவிட்டது என்று அசோசியேஷன் கூட்டத்தில் புகார் செய்தார். பாவம், அதற்கு ஒன்றும் பிசகவில்லை. கரண்ட் போனதும் தான் எந்த மாடியில் நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டது. அடிக்குப் போய் அங்கிருந்து எண்ணத் தொடங்கினால்தான் அதற்குக் கணக்குப் பிடிபடும்.

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் அப்படியில்லை. அலசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், வந்ததும் விட்ட இடத்திலிருந்து அலசும். என் வீட்டுக்காரரைவிட அதற்கு ஞாபகசக்தி அதிகம் என்று அதை வாங்கிய நாளிலிருந்து சொல்லிவருகிறேன்.

இரண்டுமே வேண்டும். கலைவாணியின் ப்ரஸ் இறங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது என்று வையுங்கள். வந்தவுடன் அது பழைய ஞாபகத்தில் தானாகவே இறங்கினால், ரப்பரை எடுக்கக் கையை உள்ளே விட்டிருக்கிறவர் கதி என்ன? அதனால் ஓடிக்கொண்டிருந்தேன் என்பதை அது மறந்தாக வேண்டும். யாராவது வந்து பட்டனை அழுத்தும்வரை அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் எப்படி ஓட வேண்டும் என்பதை மறக்கவே கூடாது. பள்ளிக்கூட ஷூவுக்கு எவ்வளவு சூடு, பூட்ஸுக்கு எவ்வளவு நேரம் என்று அவர்கள் பழகிப் பழகிச் சேர்த்து வைத்த அளவுகளையும் மறக்கக் கூடாது.

இப்போது வருகிற பெட்டிகளில் இதற்கெல்லாம் பேட்டரி தேவையில்லை. உங்கள் பென் டிரைவ் மாதிரி, கரண்ட் இல்லாவிட்டாலும் எழுதியது எழுதியபடி இருக்கும். அந்த ப்ரஸ்ஸில் இருந்தது பழைய தலைமுறை. மொத்த ஞாபகமும் கரண்ட் இருக்கிறவரை நிற்கும். கரண்ட் போனால் கட்டைவிரல் அளவுள்ள ஒரு பேட்டரிதான் அதைத் தாங்கிப் பிடிக்கும். அதுவும் கைவிட்டால் எல்லாம் அழிந்து பெட்டி வெறும் பெட்டியாகிவிடும்.

இதில் இன்னொரு கூத்து. இந்த பேட்டரியை மாற்றும்போது கரண்ட் இருக்க வேண்டும். நம் ஊரில் எந்த எலக்ட்ரீஷியனும் முதலில் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைப்பார். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நல்ல பழக்கத்தாலேயே செத்த இயந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிஸ்கட் கம்பெனியில் மகா பொறுப்பான ஒருவர் மெயினை அணைத்து, பழைய பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, கடைக்குப் போய் டீயும் குடித்துவிட்டுப் புது பேட்டரியோடு வந்தார். போட்டார். அடுப்பு அசையவில்லை. "புது பேட்டரி மேடம், பில் இருக்கு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

அங்கே கம்ப்யூட்டரில் ப்ரோக்ராமின் நகல் இருந்தது, அதைத் திரும்ப ஏற்றிப் பிழைத்தார்கள். கலைவாணியிடம் நகல் இல்லை. அவளுடைய பழைய கம்பெனியிலும் இல்லை; கம்பெனியே இல்லை. ப்ரஸ்ஸைச் செய்து கொடுத்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். அந்த ப்ரஸ்ஸை ஓட்டத் தெரிந்த ப்ரோக்ராம் உலகத்திலேயே ஒரே இடத்தில்தான் இருந்தது. அந்தச் சந்தனத்துக்கு அடியில்.

செல்வத்தின் வழக்கு

விஷயத்தைச் சொன்னதும் கலைவாணி புரிந்துகொண்டாள். செல்வம் புரிந்துகொள்ளவில்லை, அல்லது விரும்பவில்லை. அந்தப் பட்டறை வழக்கப்படி, ஆரத்தி காட்டுவதற்கு முன் மெயின் இறங்க வேண்டும். விஜயதசமி கழித்துத்தான் ஏறும். அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையும் ஒட்டி வந்திருந்ததால் நீளமான ஓய்வு.

"வருசம் பூரா ஒயைக்கிது மேடம். ஒரு தபா ரெஸ்ட்டு குடுக்கறோம். அதையும் வோணாம்ன்றீங்க. கரண்ட் ஓடிகினு இருக்கச் சொல்லோ பூஜ பண்ணா அது பூஜயா?"

"மெஷின் ஓடாது செல்வம். பெட்டிக்கு மட்டும்தான் கரண்ட் போகும்."

"மூள முயிச்சிகினு கீதுன்னா அது இன்னா ரெஸ்ட்டு?"

கலைவாணி போய் மெயின் சுவிட்சுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "செல்வண்ணா, அக்கா சொல்ற வரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது. நீங்களும்தான்" என்றாள்.

பேட்டரி வாங்கலாம் என்றால் பூஜைக்குக் கடைகள் மூடியிருந்தன. ஒரே வழி, நகல் எடுப்பது. அதற்கு என் பழைய லேப்டாப் வேண்டும், அந்தக் காலத்து பி.எல்.சி.க்கான கேபிள் வேண்டும். இரண்டும் சேலையூரில், என் வீட்டில் இருந்தன. வீட்டுக்குப் போன் செய்தேன்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். சோழர் காலத்து ஏரியெல்லாம் எங்கே இருந்தது என்று சொல்வார். வீட்டில் கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டால் தெரியாது.

"ஏங்க, என் மேஜையில மூணாவது ட்ராயர். சாம்பல் கலர் கேபிள். ஒரு முனை வட்டமா இருக்கும்."

"இங்க எல்லாமே சாம்பல் கலராத்தான் இருக்கு."

"வட்டமா இருக்கும்னு சொன்னேன்ல?"

"சரி, சரி. கொண்டு வரேன். நீ பதட்டப்படாத."

பதட்டப்படாத என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே பதட்டம் வந்துவிடும். தவறான கேபிளைத்தான் எடுத்து வருவார் என்று தீர்மானமே செய்துவிட்டேன். அப்போதுதான் மழை பிடித்தது. அப்புறம்தான், முதலில் சொன்னேனே, கரண்ட் போனது.

இருட்டில்

செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. பழுது என்றால் கை வைக்கலாம். இங்கே கை வைக்காமல் இருப்பதுதான் வைத்தியம். பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன, அந்தச் சிவப்பும். உள்ளே அந்தக் கட்டைவிரல் பேட்டரி தன்னிடம் மிச்சமிருந்ததைக் கொடுத்துக்கொண்டிருக்கிறதா, ஏற்கெனவே கைவிட்டுவிட்டதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான். கரண்ட் இருக்கிறவரை பேட்டரிக்கு அதிகம் வேலை இல்லை. மாதக்கணக்கில் சிவப்பு எரிந்திருந்தாலும் உள்ளே கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கலாம். அதைக் கலைவாணியிடம் சொல்லவில்லை. இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துவிடக் கூடாதே என்ற பயம்.

செல்வம் என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், நான் பொட்டு வெக்காம இருந்தா யாராச்சும் பாத்துருப்பாங்களா?"

"கதவே திறக்கறதில்லையே செல்வம். வருஷத்துக்கு ஒரு தடவை இதைத் திறக்கறதே நீங்க ஒருத்தர்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னது சமாதானத்துக்காக இல்லை, உண்மை. பொட்டு வைக்க அவர் திறக்காமல் இருந்திருந்தால், அன்றைக்கும் நான் உள்ளே எட்டிப் பார்த்திருக்க மாட்டேன். சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பேன்.

கலைவாணி ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தாள். அணைந்துபோன கரண்டுக்கு இனி என்ன காவல் என்று எவரும் கேட்கவில்லை. "இது போச்சுன்னா நான் திரும்ப யாராச்சும் கம்பெனில போய் நிக்கணும்க்கா," என்றாள் மெதுவாக. "நான் நிப்பேன். இவங்க எல்லாரையும் எங்க கூட்டிட்டுப் போறது?" பூஜைக்கு வந்திருந்த அந்தப் பெண்கள் வாசலில் மழையைப் பார்த்தபடி நின்றார்கள்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்திருந்தார். மழைக்கோட்டு அவர் மேல் இல்லை. ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில், அந்த மழைக்கோட்டு எதையோ போர்த்தியிருந்தது. மேலே, பாலிதீன் பைக்குள் பையாக, என் லேப்டாப்.

மழைக்கோட்டை விலக்கினார். மேஜையின் மூணாவது ட்ராயர், அப்படியே முழுசாக.

"எதுன்னு தெரியல. தப்பா எடுத்துட்டு வந்தா நீ சும்மா விடுவியா? அதான் ட்ராயரையே உருவிட்டு வந்துட்டேன்."

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரம் பாலம் ஏறி, ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க அந்த மழையில் ஒரு மர ட்ராயரோடு வந்திருக்கிறார். வட்ட முனை கேபிள் அதில் இருந்தது. அவரை அத்தனை பேர் முன்னால் கட்டிப் பிடிக்க முடியாத குறைக்கு, என் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினேன். பட்டுப்புடவை போனால் போகிறது.

லேப்டாப்பைத் திறந்தேன். அதன் பேட்டரியும் எப்போதோ செத்துப்போனது. கரண்ட் இருந்தால்தான் உயிர் வரும். ஊர் பேட்டரிக்கெல்லாம் உபதேசம் செய்கிற என் லட்சணம் இது.

பச்சை

மழை விட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு டி.வி. திடீரென்று கத்தியது. எங்கள் ட்யூப் லைட் கண் சிமிட்டியது.

யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோர் தலையும் பேனலுக்குள் இருந்தது.

பவர் விளக்கு எரிந்தது. பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. அந்தப் பழைய பெட்டி தன்னைத்தானே சோதித்துப் பார்க்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். ஞாபகம் அழிந்திருந்தால் இன்னொரு சிவப்பு விளக்கு படபடவென்று துடிக்கும்.

பச்சை விளக்கு எரிந்தது. நின்று, அப்படியே எரிந்தது.

"அக்கா?"

"இருக்கும்மா. எல்லாம் இருக்கு."

கலைவாணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேஜார் புட்ச்ச பேட்டரி, உயிரே பூட்ச்சு மேடம்" என்று பேனலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

கேபிளைச் சொருகினேன். ப்ரோக்ராம் லேப்டாப்புக்கு இறங்கியது. அது மட்டும் போதாது. சூடு, நேரம், அழுத்தம் எல்லாம் வேறு இடத்தில் இருக்கும். அதையும் தனியாக எடுத்தேன். கலைவாணியின் போனுக்கு ஒன்று, பென் டிரைவில் ஒன்று, என் வீட்டுக்காரரின் மெயிலுக்கு ஒன்று. அவர் மறந்தாலும் அவருடைய மெயில் மறக்காது.

பிறகு எழுந்து செல்வத்திடம் சொன்னேன்: "போங்க. மெயினை ஆஃப் பண்ணுங்க."

அவர் நம்பவில்லை. "நெசமாவா?"

"நெசமாத்தான். உங்க மூளைக்கு ரெஸ்ட் குடுங்க."

அவர் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே இழுத்தார். எல்லா விளக்கும் அணைந்தன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆரத்தி காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். என் வீட்டுக்காரர் இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டார்.

ஒரு போன்

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்குள் கலைவாணியிடமிருந்து போன். புது பேட்டரி வாங்கி வைத்துவிட்டு நானே பேச நினைத்திருந்தேன்.

"அக்கா! செல்வண்ணன் மெயின் போட்டாரு."

"ம், சொல்லு."

"அந்த இன்னொரு சிவப்பு, துடிக்கும்னு சொன்னீங்களே, அது துடிக்குதுக்கா. பச்சையே வரல. ப்ரஸ் அசையவே மாட்டேங்குது. மொத்தமா மறந்துடுச்சு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பின்னால் செல்வம் சிரிப்பது கேட்டது, அந்தப் பெண்கள் சிரிப்பது கேட்டது. அந்த ப்ரஸ்ஸின் தலைக்குள் ஒன்றுமே மிச்சமில்லாத அந்தக் காலையில், பட்டறை மொத்தமும் சிரித்துக்கொண்டிருந்தது.

"சுடச்சுட இட்லி வாங்கி வெச்சிருக்கோம்," என்றாள் கலைவாணி. "ஒண்ணும் அவசரமில்லக்கா. மெதுவாவே வாங்க."